பாதி ஊசி

மயக்க ஊசி போடுகிறவளிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது. குடித்துவிட்டு வந்தவர், தூக்க மாத்திரையை ஒளித்தவர், இட்லியை முழுங்கிவிட்டு வெறும் வயிறு என்று சத்தியம் செய்தவர், எல்லாருடைய வண்டவாளமும் என் மேஜையில் வெளியே வந்துவிடும். நான் டாக்டர் உமைரா. தர்மபுரிக்கும் அரூருக்குமாகக் காரை ஓட்டிக்கொண்டு, கூப்பிடுகிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய் மயக்கம் கொடுக்கிறவள். கோபக்காரி என்று பெயர் எடுத்திருக்கிறேன். அந்தப் பெயரை நான் கெடுத்துக்கொண்டதே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒருவரைத் தூங்க வைப்பது பெரிய விஷயமே இல்லை. தூங்கினவரை அதே ஆளாக எழுப்பித் தரவேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, அரூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயி பெரியண்ணன் மேஜைமேல் படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல கட்டுமஸ்தான உடம்பு. விடிகிற நேரத்தில் எங்கேயோ தடுமாறி விழுந்து முன்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தலைவலி என்றார், இரண்டு தடவை வாந்தி. தலையில் அடிபட்டிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

"சீக்கிரம் மேடம், புண்ணு சீழ் வெச்சிடும்" என்று எலும்பு டாக்டர் குரு கையுறையோடு நின்றார்.

முகத்தில் மாஸ்க்கை வைத்து ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, பால் போன்ற மயக்க மருந்தை நரம்பில் மெதுவாகத் தள்ளினேன். இந்த உடம்புக்கு முழு ஊசியும் வேண்டும், அதற்கு மேலும் கேட்கும். பாதி கூட இறங்கியிருக்காது, ஆள் கவிழ்ந்துவிட்டார்.

"அடேங்கப்பா, நல்லா தூங்கிட்டாரே" என்று குரு கத்தியை எடுத்தார்.

"கீழ வைங்க அதை!"

"ஏன் மேடம்? மானிட்டர்ல ஆக்சிஜன் தொண்ணூத்தொம்பது காட்டுதே?"

"காட்டட்டும். எனக்குப் பிடிக்கல."

பாதி மருந்தில் ஒருவர் சாய்ந்தால் மீதியை வேறு ஏதோ கொடுத்திருக்க வேண்டும். வாயில் சாராய வாடை இல்லை. மாத்திரை பழக்கம் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஆக்சிஜனுக்கு ஏங்குகிற மூளை ஏற்கெனவே அரைத்தூக்கத்தில் இருக்கும், அதைச் சாய்க்கக் கொஞ்சம் மருந்தே போதும். அது தெரியாமல் முழு அளவையும் கொட்டி, ஆபரேஷனையும் இழுத்தடித்தால், பிழைத்தாலும் அவர் பழைய பெரியண்ணனாக எழுந்திருக்க மாட்டார்.

ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்பது? அடிபடாத கையிலேயே வேறோர் இடத்தில் குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்தேன். நரம்பு ரத்தம் கறுத்துத்தான் இருக்கும். இது பளபளவென்று சிவந்திருந்தது.

"குரு, கரிப்புகை. இவர் ராத்திரி எங்க படுத்தாருன்னு கேக்கணும். கூட வந்தவரை இங்கயே கூட்டிட்டு வாங்க, நான் தலைமாட்டை விட்டு நகர மாட்டேன்."

பெரியண்ணனின் தம்பி வீரமணி கதவருகே வந்து நின்றார். "பட்டுப்புழு ஷெட்டுலதாங்க படுத்தாரு. புழு கூடு கட்டப் போற சமயம். குளுர் தாங்காதுன்னு ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக் அடிச்சி, ரெண்டு கரி அடுப்பு வெச்சிருக்கறோம். காத்தால எந்திரிச்சவரு அங்கயேதாங்க வுழுந்துட்டாரு."

குருவுக்கு இன்னும் புரியவில்லை. "பொம்மிடி பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்களே, பாத்ததில்லையா?" என்றேன். "ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார்ற சீட்டுல புகை துண்டைப் போட்டுடுச்சு. இந்த மெஷின் துண்டையும் ஆளுன்னு எண்ணி எல்லா சீட்டும் நிறைஞ்சிருக்குன்னு சொல்லுது. நல்ல ஆக்சிஜன் குடுத்துக் குடுத்துத்தான் துண்டையெல்லாம் தூக்கி எறியணும். கைக்குக் கட்டுப் போட்டு வைங்க, ஆபரேஷன் அப்புறம்."

குரு உடனே கட்டுப் போட்டார். நல்ல மனிதர், அவசரக்காரர், அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏங்க வீரமணி, இப்ப அந்த ஷெட்டுல யாரு?"

"எங்கண்ணிதாங்க. அவங்க ராத்திரி வூட்டுல படுத்திருந்தாங்க. நாங்க கெளம்புனதும், புழுவுக்கு இலை போட ஆளில்லன்னு உள்ள போயிட்டாங்க."

"ஐயோ! போனைப் போடுய்யா! ஸ்பீக்கர்ல போடு!"

அண்ணி அமுதவல்லி எடுத்தார். குரல் இழுத்தது. "சொல்லு வீரா... அண்ணன் எப்பிடி..."

"நான் டாக்டர் பேசறேன். உடனே வெளிய வாம்மா."

"புழுவ வுட்டுட்டு எப்பிடிங்க வர்றது... கதவத் தெறந்தா குளுர் அடிச்சி மொத்தமும் போயிடும்... தலை கனக்குது, செத்த படுத்துட்டு..."

"படுக்காதே! அறிவு இருக்கா உனக்கு? உன் வூட்டுக்காரருக்கு நான் பாதி ஊசிதான் போட்டேன். மீதியை உன் ஷெட்டு போட்டு அனுப்பிடுச்சு. இப்ப உனக்குப் போட்டுக்கிட்டிருக்குது. எந்திரி, நட!"

ஏதோ விழுகிற சத்தம். வீரமணி "அண்ணி, அண்ணி" என்று கத்தினார். ஓடிப்போய்த் தூக்க எனக்கு இறக்கை இல்லை. குருவின் போனை வாங்கி, பக்கத்துக் காட்டுக்காரர் ராஜப்பனைக் கூப்பிடும்படி வீரமணியிடம் சொன்னேன். "கதவை ஒடைச்சுத் தொற, மூச்சை அடக்கிக்கிட்டுப் போ, இழுத்து வெளிய போடு" என்று இங்கிருந்தே கத்தினேன். கை மட்டும் பெரியண்ணன் முகத்தில் மாஸ்க்கை அழுத்திக்கொண்டிருந்தது. யா அல்லாஹ், இந்தப் பொம்பளையைக் கைவிட்டுவிடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

கதவு உடைகிற ஓசை. தரதரவென்று இழுக்கிற ஓசை. பிறகு ராஜப்பன் தன் போனை மறுபடி எடுத்து மூச்சு வாங்கினார். "வெளிய போட்டுட்டேங்க. மூச்சு இருக்குது. கண்ணுதான் தெறக்கல."

"ஒருக்களிச்சுப் படுக்க வை. நல்ல காத்து படட்டும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லு, ஆக்சிஜன் வெச்சே இங்க கொண்டு வரணும்."

நாங்கள் மூவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து ஓர் இருமல். இன்னோர் இருமல். பிறகு கரகரத்த குரலில் வசவு.

"ஏன்டா ராஜப்பா... கதவ எதுக்குடா ஒடைச்ச? புழு வெறைச்சிப் போயிடும்டா... போயி சாத்துடா..."

மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. பெரியண்ணன் கண்ணைத் திறந்திருந்தார். மேலே விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம்பி கையில் இருந்த போனைப் பார்த்தார். நான் மாஸ்க்கை ஓர் ஓரமாகத் தூக்கினேன்.

"அமுதா" என்றார். "புழு போனா அடுத்த மாசம் வேற வெச்சிக்கலாம். நீ உள்ள போவாத புள்ள."

அந்தப் பக்கம் வசவு நின்றது. அமுதவல்லி அழுகிற சத்தம் கேட்டது. வீரமணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன். இரண்டு கையும் மாஸ்க்கில் இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.