எல்ராய் வாங்க வந்த துப்பாக்கி

சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும் கையடக்கத் துப்பாக்கி ஒன்றை ஆண்பிள்ளைகள் முதன்முதலாகக் கையில் வாங்கும்போது அடிக்கும் கூத்தை நீங்கள் என் கடையில் வந்து பார்க்க வேண்டும். பிடியை அமுக்கிப் பார்ப்பார்கள். சுண்டுவிரலுக்கு இடமில்லை என்று முகம் சுளிப்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும் மான் தலையை ஒற்றைக் கண்ணால் குறிபார்ப்பார்கள். விசை கனமாக இருக்கிறது என்பார் ஒருவர். அதே விசை லேசாக இருக்கிறது என்பார் அடுத்தவர். இடுப்பில் செருகி நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பை இடித்தால் துப்பாக்கியைச் செய்தவனைத் திட்டுவார்கள். அரை நாள் இப்படிக் கழுத்தறுத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுவார்கள்.

இவர்களிலேயே மகா தொல்லை எல்ராய் ஹாகன். ஊருக்கு வடக்கே மாட்டுப் பண்ணை வைத்திருப்பவன். ஒருமுறை ஒரு தொலைநோக்கி வாங்குவதற்குக் கோடைகாலம் முழுக்க வந்து என் உயிரை எடுத்தான். நானும் சும்மா விடுகிறவள் இல்லை. நாங்கள் போடும் சண்டையைக் கேட்பதற்கென்றே சிலர் காபிக் கோப்பையோடு வந்து நிற்பார்கள். எங்கள் மொன்டானா மாநிலத்தில் குளிர்காலம் நீளம், வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது!

போன பிப்ரவரியில் அவன் மனைவி டோரிஸ் இறந்துபோனாள். அதன்பிறகு எல்ராய் ஊருக்குள் தலைகாட்டுவதே அபூர்வமாகிவிட்டது. வேட்டைப் பருவம் தொடங்குகிற வாரம், கடையில் மூச்சுவிட நேரமில்லாத வாரம், ஒரு மத்தியானம் வந்து நின்றான்.

“கைத்துப்பாக்கி ஒண்ணு வேணும் மார்வா. சின்னதா.”

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். திங்கட்கிழமைதான் ஒரு புது மாடல் வந்திருந்தது. உள்ளங்கை அளவு. ஆனாலும் பிடித்தால் கைக்குள் அழுத்தமாக உட்காருகிறது, விசை வெண்ணெய் மாதிரி வருகிறது. எடுத்த எடுப்பிலேயே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இதில் என்ன குறை சொல்லப் போகிறான், பார்த்துவிடலாம் என்று எடுத்து, தோட்டா இல்லை என்று திறந்து காட்டி, அவன் கையில் கொடுத்தேன்.

வாங்கினான். விரல்களை மடக்கிக்கூடப் பார்க்காமல் மேசை விரிப்பின் மேல் வைத்தான்.

“இதுவே போதும். எழுதவேண்டிய படிவத்தக் கொடு.”

“புடிச்சாவது பாரேன்யா.”

“பாத்தாச்சு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நல்ல சரக்கை எடுத்துக் காட்டினால், தவிட்டு மூட்டை வாங்குகிறவன் மாதிரி நிற்கிறானே!

“இது பொம்பளைங்க கைப்பையில வைக்கிறதுக்குன்னு செஞ்சது, தெரியுமா?” என்று சீண்டினேன். சுத்தப் பொய். பழைய எல்ராய் என்றால் அந்த ஒரு வார்த்தைக்குக் கூரையைப் பிரித்திருப்பான்.

“இருக்கட்டும்.”

“சரி, இதுக்கு எந்த உறை வேணும்? தோலா, பிளாஸ்டிக்கா?”

“உறை வேண்டாம்.”

இடுப்பில் சுமக்கவென்றே செய்த துப்பாக்கியை உறை இல்லாமல் வாங்குகிறவனை நான் பார்த்ததில்லை. கையில் எடுத்த படிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவன் வண்டி நின்றது. பின்னால் நாய் இல்லை. டூக் இல்லாமல் அந்த வண்டியை நான் பார்த்ததே கிடையாது. டோரிஸைக்கூட விட்டுவிட்டு வருவான், டூக்கை விடமாட்டான் என்று டோரிஸே கேலி செய்வாள்.

“டூக் எங்க?”

“ஹென்ரிக்சன் வீட்டுல கொடுத்துட்டேன். அவங்களுக்கு ஒரு நாய் வேணுமாம்.”

கையிலிருந்த படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

“ஏன் எல்ராய், உன் வீட்டுல சுவர் முழுக்கத் துப்பாக்கி மாட்டி வச்சிருப்பியே. அதெல்லாம் என்ன ஆச்சு?”

“கார்லா எடுத்துட்டுப் போயிட்டா. தொடைச்சு எண்ணெய் போட்டுத் தர்றாளாம்.”

கார்லா அவன் தங்கை. துப்பாக்கி என்றாலே பத்தடி தள்ளி நிற்பவள். அவளா எண்ணெய் போடுவாள்? துப்பாக்கியை அவன் முன்னாலிருந்து எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சாவியை என் ஜீன்ஸ் பைக்குள் திணித்தேன்.

“உனக்கு விக்க மாட்டேன்.”

“என்னது?”

“காது கேக்கலயா? விக்க மாட்டேன்.”

“நான் என்ன திருடனா? ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவனா? சட்டப்படி வாங்க எனக்கு உரிமை இருக்கு!”

“என் கடை. விக்கிறதும் விக்காததும் என் இஷ்டம்.”

“உன் கடைய நீயே கட்டிக்கிட்டு அழு. நான் வேன் கடைக்குப் போறேன்.”

வேன் பக்கத்து ஊரில் கடை வைத்திருப்பவன். எல்ராய் கதவுக்குப் போவதற்குள் தொலைபேசியை எடுத்தேன். அவன் காதில் விழட்டும் என்றே கத்தினேன்.

“வேன், நான் மார்வா. எல்ராய் ஹாகன்னு ஒருத்தன் அங்க வருவான். அவனுக்கு எதையும் விக்காத. ஆமா. அதேதான். அடுத்த கடைக்கும் நீயே சொல்லிடு.”

எல்ராய் திரும்பினான். முகம் சிவந்து கிடந்தது.

“ஊர் முழுக்கத் தமுக்கடிக்கிறியா?”

“அடிப்பேன். சாகப் போறியாடா நீ?”

எங்கள் ஊரில் இப்படி யாரும் யாரையும் கேட்பதில்லை. பனியைப் பற்றிப் பேசுவோம், மாட்டு விலையைப் பேசுவோம். வீட்டில் இழவு விழுந்தால் ஒரு பாத்திரத்தில் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடுவோம். டோரிஸ் போனபோது நானும் அதைத்தான் செய்தேன். மரியாதையாம், மண்ணாங்கட்டி!

எல்ராய் தன் பூட்ஸைப் பார்த்தான்.

“ஆமா” என்றான். மழை வருமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வெறி.

“அதுக்கு என் கையால வாங்கிட்டுப் போக வந்தியா? உன் தங்கச்சி பயந்து போய் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறா, நீ நேரா என்கிட்ட வந்து நிக்கிற. என் கையால எடுத்துக் கொடுத்துட்டு, நாளைக்கு நான் எந்தக் கையால சோறு தின்னுவேன்? சொல்லுடா!”

“கத்தாத மார்வா.”

“கத்துவேன்! வேனுக்கு உன் முகம்கூடத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டான். என் வாயப் பத்தி உனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் எதுக்குடா இங்க வந்த?”

அந்தக் கேள்வியை அவன் அதுவரை தன்னையே கேட்டுக்கொண்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“தெரியல” என்றான். “தெரியல மார்வா. வண்டி இங்கதான் வந்துச்சு.”

பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கத் தொடங்கின. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. வண்டிச் சாவியை அவன் சட்டைப் பையிலிருந்து நானே எடுத்தேன். கடையைப் பூட்டினேன். வாசலில் காத்திருந்த இரண்டு வேட்டைக்காரர்கள் என்னவோ கேட்டார்கள். நாளைக்கு வாருங்கள் என்று அவர்கள் மீதும் எரிந்து விழுந்தேன்.

அவன் வண்டியிலேயே அவனை ஏற்றிக்கொண்டு, கார்லா வீட்டுக்கு வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன். நாளைக்குக் காலையில் டாக்டரிடம் நானே கூட்டிப் போவேன், வரமாட்டேன் என்றால் கட்டித் தூக்கிக்கொண்டு போவேன் என்றேன். டூக்கை இன்றைக்கே போய்த் திருப்பி வாங்குவேன் என்றேன். அவன் எதற்கும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் என்னை இன்னும் எரியவைத்தது.

வண்டிச் சத்தம் கேட்டுக் கார்லா மாவு படிந்த கையோடு வெளியே ஓடிவந்தாள். அண்ணன் வண்டியில் நான் ஓட்டுகிற இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை.

“வாங்கிட்டானா?” என்றாள்.

“நான் கொடுக்கல.”

கார்லா படியிறங்கி வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். மாவு படிந்த இரண்டு கையாலும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பிடித்தவள் விடவே இல்லை.