இரண்டு பேர் திருத்திய கட்டுரை

அக்காவின் கணவரான அத்தானும் அவளும் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரே கல்லூரி, ஒரே தாவரவியல் துறை, அடுத்தடுத்த அறை. ஆனாலும் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் திடீரென்று கைப்பேசியில் ஏதோ தலைபோகிற வேலை வந்துவிடும். அக்கா வீட்டில் இருக்கும் அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்று இவள் போய் நிற்க, வார்த்தை தடித்து, "உங்க வீட்ல அம்மாவை யாரு பார்த்துக்கறா?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி அத்தானுக்கு இன்னும் செரிக்கவில்லை.

அன்று பேசியே ஆகவேண்டும். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைகளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். யார் எழுதியது என்று தெரியாது, எண் மட்டும்தான். இருவர் மார்க்குக்கும் நடுவே பதினைந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், உட்கார்ந்து பேசி ஒரே மார்க்காக்கிக் கையெழுத்துப் போடவேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் துறைத்தலைவரிடம் போகும். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி. அவர் கைக்குப் போன மார்க் முழுசாகத் திரும்பியதில்லை.

பதினேழாம் எண் கட்டுரைக்கு இவள் எழுபத்தெட்டு போட்டிருந்தாள். அத்தான் நாற்பத்தொன்று. ஐம்பதுக்குக் கீழே போனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. அலுவலகம் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"முடிவே வராத கட்டுரைக்கு எழுபத்தெட்டா, மேடம்?"

அந்த 'மேடம்' சுருக்கென்று தைத்தது.

"வந்திருக்கே, சார். லேசான உப்புத்தண்ணில ஊறின விதையும் வெறும் தண்ணில ஊறின விதையும் ஒரே மாதிரிதான் முளைச்சிருக்கு. அதுவும் முடிவுதான்."

"உப்பு தடுக்கும்னு முதல் பக்கத்துல அடிச்சு சொல்லிட்டு?"

"இல்லைன்னு வந்ததை இல்லைன்னே எழுதியிருக்கு. அதுக்குப் போய் மார்க்கை வெட்டினா, அடுத்த வருஷம் எல்லாரும் கணக்கை வளைச்சு எழுதுவாங்க."

அத்தான் வரைபடத்தைப் பேனாவால் தட்டினார். "இந்த அளவெல்லாம் எவ்வளவு ஏறி இறங்கும்னு எங்கயாவது காட்டியிருக்கா? கைப்பிடி விதையை வச்சுக்கிட்டு வித்தியாசமே இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

அவள் குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரி. கட்டுரையின் நேர்மையில் மயங்கி இதைக் கோட்டைவிட்டிருந்தாள். ஒத்துக்கொள்ள மனசு சண்டித்தனம் பண்ணியது.

"அள்ளிக் கொடுத்துட்டேன். எட்டு குறைக்கறேன்," என்றாள். "ஆனா செய்முறைக்கு இருபத்தஞ்சுக்கு அஞ்சுதான் போட்டிருக்கீங்க. ஏன்?"

"ஒரே விதையை ரெண்டு தடவை எண்ணி, ரெண்டு வேற கணக்கு. ஒரே குழப்பம்."

"எண்ணினது ரெண்டு பேர் சார். எந்தத் தட்டுல எந்தத் தண்ணின்னு தெரியாம எண்ணியிருக்காங்க. அடுத்த பக்கத்துலயே இருக்கே."

அத்தான் புரட்டினார். படித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை."

"படிக்காமலா மார்க் போட்டீங்க? ஒரு பிள்ளையோட வருஷம் இது!"

"ஆஸ்பத்திரில உட்கார்ந்து திருத்தினேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "அத்தை குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு முறியலை, இடுப்புல வீக்கம். எக்ஸ்ரே எடுக்கிற அறைக்கு வெளிய காத்திருந்தப்போ... மறுநாள் மார்க் கொடுக்கணும்னு கெடு."

"அம்மா விழுந்ததை எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா, யாரு பார்த்துக்கறான்னு கேப்பே."

அலுவலக உதவியாளர் கதவில் தலையை நீட்டினார். "பதினேழு மட்டும்தான் பாக்கி. பூட்டப் போறாங்க."

அத்தான் செய்முறைப் பகுதியை முதலிலிருந்து வரி விடாமல் படித்தார். அஞ்சை அடித்து இருபது எழுதினார். கொஞ்ச நேர இழுபறிக்குப் பிறகு அறுபத்தைந்தில் வந்து நின்றார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர் எழுந்தபோது அவள் கேட்டாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரில எத்தனை கட்டுரை திருத்தினீங்க, அத்தான்?"

"ஒன்பது."

"மத்த எட்டும்?"

"ரெண்டு பேர் மார்க்கும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. யாரும் கேக்கலை." பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "சொன்னா கத்தரி என் தோலை உரிச்சிடுவார்."

அவள் துறைத்தலைவர் அறைப் பக்கம் பார்த்தாள். அத்தான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார். கத்தரியின் சத்தம் நடைவழி முழுக்கக் கேட்டது. திரும்பியபோது கையில் எட்டுக் கட்டுரைகள். காது இரண்டும் சிவந்திருந்தன.

"நாளைக்குக் காலைக்குள்ள மறுபடி திருத்திக் கொடுக்கணும். அடுத்த வருஷம் எனக்குத் திருத்த ஆய்வுக் கட்டுரையே கிடையாதாம்."

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, அத்தான் வர நேரமாகும். நான் அம்மாகிட்ட வரேன்."

அக்கா குரல் கறாராக வந்தது. "வா. சண்டை போடறதா இருந்தா வராதே."

"போடமாட்டேன்."

"மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான்," என்றார் அத்தான், தலை நிமிராமல். முதல் கட்டுரையின் முதல் வரியில் விரலை வைத்திருந்தார்.