சக்கரவர்த்தி இறங்கிய இடம்

'பறவை பார்ப்பவர். வண்ணத்துப்பூச்சிகளில் அனுபவம் போதாது. பதிவு ஏற்கப்படவில்லை.'

போன ஜூலையில் வந்த அந்தக் கடிதம் மேவிஸை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. பெர்ரிடன் காட்டில் ஊதாச் சக்கரவர்த்தியைக் கண்ணாரக் கண்டு எழுதிப் போட்டிருந்தாள். நாற்பது வருஷமாக அங்கே யாருமே பார்க்காத வண்ணத்துப்பூச்சி என்று மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிப் பதிவுகளைச் சரிபார்க்கும் டெஸ்மண்ட் அவள் பதிவை அடித்துவிட்டார். தபால்காரியாக இருந்த காலத்தில் பையைச் சுமந்தபடியே குரலை வைத்துப் பறவையின் பெயர் சொன்னவளுக்குக் கண் தெரியாதாமா?

இந்த ஜூலையில் அவரையே கையோடு இழுத்து வந்துவிட்டாள். இன்றைக்கும் அது வராவிட்டால் அவள் பொய்க்காரிதான்.

ஓக் மரங்களுக்குக் கீழே, பாதை நெடுகிலும் இறால் விழுதைப் பூசினாள். பெயர்தான் சக்கரவர்த்தி, பூவை ஏறெடுத்தும் பார்க்காது. நாற்றம் வேண்டும், சாணம் வேண்டும்.

டெஸ்மண்ட் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நீங்க பார்த்தது வெள்ளை அட்மிரல் பூச்சியா இருக்கும் மேவிஸ். பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். எல்லாரும் ஏமாறுறதுதான்."

"எனக்கு வயசு ஆச்சு. என் கண்ணுக்கு ஆகல."

மேலே ஒரு சிஃப்சாஃப் குருவி விடாமல் கத்தியது. பன்னிரண்டு மணி வரை ஓர் ஈகூட இறாலைத் தேடி வரவில்லை. டெஸ்மண்ட் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நாலடி வைத்தவர், "சே! எவன் நாயோ!" என்று கத்தினார். பூட்ஸ் முழுக்க அசிங்கம். குச்சியால் சுரண்டலாம் என்று காலைத் தூக்கி ஒரு மரக்கட்டைமேல் வைத்தார்.

உச்சிக்கிளையிலிருந்து என்னவோ வழுக்கி இறங்கியது. பூட்ஸின் நுனியில் உட்கார்ந்து இறக்கையை விரித்தது. வெயில் பட்டதும் ஒரு பக்கம் ஊதா பற்றிக்கொண்டது.

"அசைஞ்சீங்க, கொன்னே போட்டுடுவேன்," என்றாள் மேவிஸ்.

"மேவிஸ்..." அவர் குரல் சின்னப்பிள்ளை மாதிரி நடுங்கியது. "நாக்கை நீட்டுது. மஞ்சள் நாக்கு. கடவுளே, சாப்பிடுது!"

"நல்லாச் சாப்பிடட்டும். நீங்க நோட்டை எடுங்க."

அவர் தூக்கி வைத்த காலை அசைக்காமல், வியர்வை வழிய நோட்டைத் திறந்தார். மேவிஸ் எட்டிப் பார்த்தாள். இன்றைய தேதியை எழுதுவதற்கு முன்னால் போன வருஷத்து ஜூலைத் தேதியை எழுதி, அதன் பக்கத்தில் அவள் பெயரைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.