துரை தொடாத ரேடியோ

என்னிடம் ஓடாத கைக்கடிகாரங்கள் பத்தொன்பது இருக்கின்றன. பற்றாத லைட்டர்கள் ஏழு. மணி தெரிய வேண்டுமென்றால் மனைவியின் செல்போனைத்தான் பார்ப்பேன். என்னைப் போன்ற முப்பது உதவாக்கரைகளோடு தேவிகுளத்து ரிசார்ட் ஒன்றில், பழம்பொருள் ஏலத்துக்கு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. வெள்ளைக்காரத் துரை தொட்டதென்றால் எச்சில் தட்டையும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பக்கத்தில் இருந்த பூபதிராஜா, எங்கள் கோபாலபுரத்துத் தென்னந்தோப்புக்காரன், ஏதோ ஒரு துரை பல்செட் ஊறவைத்த டம்ளரை ஏலத்தில் எடுத்து, கைக்குழந்தை போல மடியில் வைத்திருந்தான்.

அடுத்து ஒரு மரப்பெட்டி ரேடியோ வந்தது. ஏலம் விடும் ஜோபி மைக்கில் குழைந்தான். "இது பங்களாவில இருந்த சாதனம். துரை போகும்போ வேலைக்காரிக்கு சந்தோஷமாயிட்டுக் கொடுத்தது."

விலை எகிறியது. பன்னிரண்டாயிரம் கேட்டுப் பூபதி முன்னால் நின்றான்.

பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். தேயிலைக் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்ற ராமுத்தாய், ரேடியோ அவளுடையது. எஸ்டேட் கூலிக்காரர்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து போடியில் மகள் வீட்டுக்குப் போகிறாள். அங்கே இதை வைக்க இடமில்லை.

"எந்தத் தொரடா குடுத்தான்? அட்டை கடிச்சு ரத்தம் ஒழுகுனப்ப ஒரு கிள்ளு பொகையிலை குடுத்திருப்பானா? என் போனஸ் காசுல போடியில வாங்குனது. பஸ்ஸுல மடியில வச்சு, வாந்தி எடுத்துக்கிட்டே கொண்டாந்தேன். அதை மைக்குல சொல்லு."

"அம்மச்சி, அப்படிச் சொன்னா வில கிட்டாது."

"கிட்டாட்டி போகுது. சொல்லு."

ஜோபி முனகினான். "இது... ராமுத்தாய் வாங்கின ரேடியோ."

பூபதி கையை இறக்கிவிட்டான். "லயத்து ரேடியோவா? எங்கூட்டுக் கோழிகூடக் கேக்காது மாப்ளே."

முப்பது பேரும் செல்போனைத் தடவ ஆரம்பித்தார்கள். ஜோபி ஆயிரத்துக்கு இறங்கியும் ஒரு கை எழவில்லை. ராமுத்தாய் உட்காரவில்லை. எங்களை வரிசையாகப் பார்த்தபடி நின்றாள்.

நான் கை தூக்கினேன். "ஆயிரமுங்க."

அவள் பார்வை என்மேல் வந்து நின்றது. அவள் உண்மை பேசிய குற்றத்துக்காக இந்த விலைக்கு வாங்கினால், நானும் பூபதியும் ஒரே டம்ளரில் ஊறிய பற்கள்தான்.

"ரெண்டாயிரமுங்க."

"சேட்டா, ஆயிரம் கேட்டதும் நிங்கள்தானே?"

"அஞ்சாயிரமுங்க."

"என்றா மாப்ளே, கிறுக்கா புடிச்சிருக்குது? உன்றகூடயே நீ போட்டி போடறயா?" என்றான் பூபதி.

"பதிமூணாயிரம்."

துரையை ஓர் ஆயிரத்தால் முந்தியாயிற்று. வீட்டில் எவ்வளவு குறைத்துச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். ராமுத்தாய் என்னை நோக்கி நடந்து வந்தாள். கையெடுத்துக் கும்பிடப் போகிறாள் என்று முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டேன்.

"யோவ், இது பாடுமான்னு ஒருத்தனும் கேக்கலையே. நீயாச்சும் கேட்டியா?"

"பாடு... பாடுமுங்களா?"

அவள் ரேடியோவிடம் போய், வயரைச் சொருகிக் குமிழைத் திருகினாள். கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு தக்காளிக்கு உரம் வைப்பது பற்றி ஒருவர் கணீரென்று பேசத் தொடங்கினார். ஜோபி மைக்கில் எவ்வளவு கத்தியும் அடுத்த பொருள் என்னவென்று யாருக்கும் கேட்கவில்லை.

"நீ இதை அலமாரியில பூட்டி வச்சதாத் தெரிஞ்சுது," என்றாள் ராமுத்தாய், "உன் ஊருக்கே வந்து தூக்கிட்டுப் போயிருவேன்."