சத்தத்தைக் கூட்டச் சொன்னவர்

அக்கம்பக்கத்தில் அவரைக் காது டாக்டர் என்பார்கள். அவர் டாக்டர் இல்லை. ஆனாலும் யாரையும் திருத்தியதில்லை, சும்மா கிடைக்கிற மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்? கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொல்லி, கேட்கிறதா இல்லையா என்று பார்த்து, தேவைப்பட்டால் காது மெஷின் விற்பதுதான் தொழில். வியாபாரக் கணக்கில் பார்த்தால் ஊரில் சத்தம் பெருகப் பெருக அவருக்கு நல்லது. அவரோ சத்தத்தோடு சண்டைக்கு நின்றார். தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். அவர் சத்தம் அளக்கும் மீட்டரை வைத்திருந்தார். கல்யாண வீட்டில் அளப்பார், பேருந்தில் அளப்பார், ஒருமுறை மனைவி திட்டும்போது அளந்து, அந்த எண்ணை அவளிடமே சொல்லி, அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். மகளின் இசைக்குழுப் பிள்ளைகள் அவருக்கு, சத்தத்தை அளக்கும் அலகான 'டெசிபல்' என்றே பெயர் வைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மகள் ஒரு ராக் குழுவில் பாடுகிறாள். காது பார்க்கிறவர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததை டெசிபல் தன் ஜாதகக் கோளாறு என்று நினைத்தார். முன்பெல்லாம் அவள் நிகழ்ச்சிகளுக்கு அவர் போய் வந்தால், அவள், "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்பாள். அவர், "தொண்ணூத்தெட்டு" என்பார். இன்னொரு நாள், "நூத்தி மூணு. டிரம்மர் பையனைக் கொஞ்சம் பாத்து அடிக்கச் சொல்லு." அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிறகு அழைப்பதையும் நிறுத்திவிட்டாள்.

இந்த முறை அவளாகவே போன் செய்தாள். நகரத்துக்கு வெளியே பெரிய மைதானத்தில் இசைத் திருவிழா, ஒரு பெரிய மேடை, ஐந்து சின்ன மேடைகள், பெயர் தெரியாத புதுக் குழுக்கள் நாள் முழுக்க வாசிக்கும். இவர்களுக்குக் கிடைத்தது ஆகக் கடைசியில் இருந்த சின்ன மேடை. அந்தத் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. சின்ன மேடைகளில் வாசித்தவர்களில் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அன்று மாலையே பெரிய மேடையில் ஏற்றுவார்கள். அப்படி ஏறிய குழு பிறகு கீழே இறங்கியதில்லை என்று பேச்சு.

"இது போச்சுன்னா குழுவைக் கலைச்சுடலாம்னு பசங்க பேசிக்கறாங்கப்பா. நீ வா. ஆனா மீட்டர் வேண்டாம். மத்தவங்க எப்படிக் கேக்கறாங்களோ அப்படிக் கேளு. ஒரே ஒரு நாள்."

"சத்தியமா கொண்டுவர மாட்டேன்மா" என்றார் டெசிபல். கொண்டுபோனார்.

அவரை அழைத்துப் போனது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. குழுவின் டிரம், பெட்டி, கம்பி எல்லாவற்றையும் வேனில் ஏற்றி இறக்குபவன் அவன்தான். வேனை நிறுத்திவிட்டு வந்தவன் மாமாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, டக் இன், பெல்ட், பளபளக்கும் ஷூ, காதில் ரப்பர் அடைப்பான்.

"மாமா, பாட்டு கேக்க வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா?"

"பாப்பா பாட மத்தியானம் ஆகும். அதுவரைக்கும் மத்த புள்ளைங்களைப் பாக்கலாம் வா" என்று டெசிபல் முன்னால் நடந்தார்.

முதல் மேடையில் நான்கு பையன்கள் ஒரே மாதிரி தலைமுடியோடு கிட்டாரை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் பந்தல் போட்ட இடத்தில், ஒலிப்பலகையின் முன் ஒரு சவுண்ட்காரர் நின்றார். டெசிபல் அவர் பக்கத்தில் போய் நின்று, பழக்க தோஷத்தில் மீட்டரை எடுத்து நீட்டி, எண்ணைப் பார்த்து, "ம்ச்" என்றார். சவுண்ட்காரர் திரும்பிப் பார்த்தார். உடனே பலகையில் எதையோ கீழே இழுத்தார். சத்தம் தணிந்தது.

டெசிபலுக்குப் புல்லரித்தது. வாழ்நாளில் அவர் சொல்லி யாரும் சத்தத்தைக் குறைத்ததில்லை. இங்கே சொல்லக்கூட இல்லை!

"பாத்தியா மச்சான், இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பொறுப்பு இருக்கு" என்றார்.

அடுத்த மேடையில் ஒரு பெண் தனியாக நின்று தன் குரலையே மெஷினில் பதிவு செய்து, அதன் மேல் மறுபடி பாடிக்கொண்டிருந்தாள். அழகாகவே பாடினாள் என்று மச்சான் சொன்னான். டெசிபல் பார்த்தது எண்ணை. அங்கேயும் குறைத்தார்கள். மூன்றாவது மேடையில் பதினோரு பேர் கொண்ட குழு ஊதுகுழல்களோடு நெருக்கியடித்து நின்றது. அங்கே சவுண்ட்காரர் குறைத்ததோடு நிற்காமல் நாற்காலி போட்டு உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலும் கொடுத்து, "ஏதாவது பிரச்சினைன்னா சொல்லுங்க சார்" என்றார். நான்காவது மேடைக்கு இவர் போய்ச் சேரும் முன்பே ஒருவர் வாக்கிடாக்கியில் குசுகுசுவென்று பேசி முடித்திருந்தார்.

தான் மெல்ல மெல்ல இந்தத் திருவிழாவையே பண்படுத்திக்கொண்டிருப்பதாக டெசிபல் நம்பினார். தன் அறிவு முகத்தில் ஒளி வீசுகிறது போலும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பின்னாளில் இந்த இடத்தைச் சொல்லும்போது அவர் தன் கன்னத்தில் தானே ஒரு தட்டு தட்டிக்கொள்வார்.

மகள் மேடையேறும் நேரம் வந்தது. கொடுத்த வாக்கு அப்போதுதான் ஞாபகம் வந்து, மீட்டரைப் பேண்ட் பைக்குள் திணித்து, காதடைப்பானையும் பிடுங்கி எடுத்தார். கூட்டத்தின் பின்னால் ஒதுங்கி நின்றார். சின்ன மேடையாக இருந்தாலும் ஆள் நிறைய இருந்தது. ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கைகட்டி நின்றார்.

"அவங்கதான் தேர்ந்தெடுக்கறவங்க. சிரிக்கவே மாட்டாங்க" என்று மச்சான் காதோடு சொன்னான்.

முதல் பாட்டு இடி மாதிரி இறங்கியது. முன்வரிசை குதித்தது. டெசிபலின் கை தானாகப் பேண்ட் பைக்குப் போனது, மச்சான் அதைப் பிடித்து வெளியே இழுத்தான். இரண்டாவது பாட்டு ஆரம்பித்தபோது சவுண்ட்காரப் பையன் எதேச்சையாகத் திரும்பினான். டெசிபலைப் பார்த்தான். முகம் வெளுத்தது. கை பலகைக்குப் போனது.

சத்தம் சுருண்டு படுத்துவிட்டது.

இவர் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார். மேடையில் டிரம்மர் உயிரைக் கொடுத்து அடித்துக்கொண்டிருந்தான், வெளியே கேட்டதோ யாரோ அடுத்த தெருவில் கதவு தட்டுவது மாதிரி. முன்வரிசை குதிப்பதை நிறுத்தியது. ஒருவர் போனை எடுத்தார். இருவர் ஜூஸ் குடிக்கப் போனார்கள். கறுப்புக் கண்ணாடி அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், தலையைச் சாய்த்து நின்றார். பாவம், அவருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று டெசிபல் நினைத்தார்.

சத்தம் குறைந்ததில் இன்னொன்றும் நடந்தது. பாட்டின் வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன.

மெதுவா நட, மெதுவா சிரி,
கதவை மெதுவா சாத்து,
அழுதாலும் அடுத்த ரூமுக்குக்
கேக்காம அழு.

டெசிபல் அசையாமல் நின்றார். மெட்டு மகளுடையது. வசனம் அவருடையது. 'மெதுவா சாத்து' என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார்! கடைசி வரியை மட்டும் அவர் சொன்னதில்லை. ஆனால் அவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை அப்படித்தான் அழுதிருக்கிறாள் என்பது அவருக்கு இந்த மைதானத்தில் வந்துதான் தெரிய வேண்டியிருந்தது. ஊரில் உள்ள கிழடுகளின் காதில் எல்லாம் என்ன விழுகிறது, என்ன விழவில்லை என்று பார்க்கிற மனிதர்! அவருக்குத் தன்மேல் வந்த கோபத்தில் கண் கலங்கியது.

பாட்டு மெல்ல மெல்ல ஏறியது. மகள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, 'இப்போ' என்று சொல்லி, இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு கொசுவின் குரல். யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள்.

டெசிபல் ஒலிப்பலகைப் பந்தலுக்கு ஓடினார். அந்த ஷூவோடு அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது.

"தம்பி, எதுக்குப்பா குறைச்சே? கூட்டு, கூட்டு!"

சவுண்ட்காரப் பையன் எழுந்து நின்றான். "சார், நீங்க வந்ததாலதான் சார் குறைச்சேன். காலையிலயே எல்லா மேடைக்கும் சொல்லிட்டாங்க, மீட்டரோட ஆபீசர் சுத்தறாரு, அளவு தாண்டினா மேடையையே மூடிடுவாருன்னு."

"யாரு ஆபீசர்?"

பையன் அவரையே பார்த்தான். டெசிபல் தன் சட்டையைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது. நாற்காலி ஞாபகம் வந்தது. முகத்தில் வீசிய ஒளி ஞாபகம் வந்தது.

"ஐயோ, நான் ஆபீசரும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல! காது மெஷின் விக்கறவன். கிறுக்குத்தனமா இதைத் தூக்கிட்டு அலையறேன். அங்க பாடுது பாரு, அந்தப் பொண்ணோட அப்பா! அவ தொண்டை கிழியக் கத்தறா, இங்க ஒண்ணும் கேக்கல. கூட்டுப்பா, உன் கால்ல வேணா விழறேன், இன்னும் கூட்டு!"

பையன் பலகையின் ஓரத்தைப் பார்த்து நாக்கைக் கடித்தான். அங்கே கழுத்து நீண்ட ஒரு சின்ன மைக் இருந்தது. மேடையில் உள்ளவர்களோடு சவுண்ட்காரர் பேசுவதற்கானது, அவர்கள் காலடியில் இருக்கும் பெட்டிகளில் மட்டும் கேட்கும். ஆபீசர் வந்த சேதியைச் சொல்வதற்காக அதைப் போட்டவன், அணைக்க மறந்திருந்தான்; டெசிபல் கத்தியது முழுக்க மேடைக்குப் போயிருந்தது.

மேடையில் டிரம்மர் குச்சியைத் தவறவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். மகள் பாதி வரியில் நின்றுபோய், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பந்தலைப் பார்த்தாள். டெசிபலுக்குப் பலகைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அவள் திரும்பி டிரம்மரிடம் ஏதோ சொன்னாள். பாட்டைப் பழையபடி மெதுவான இடத்திலிருந்து எடுத்தார்கள். அந்த இடம் வந்தது. 'இப்போ' என்றாள். பையன் பலகையில் இருந்ததை எல்லாம் மேலே தள்ளினான்.

அதன் பிறகு யாரும் ஜூஸ் குடிக்கப் போகவில்லை. போனவர்களும் கையில் கோப்பையோடு ஓடி வந்தார்கள். டெசிபல் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவருக்கு ஒரே பெருமை.

மேடைக்குப் பின்னால், வேனின் பக்கத்தில், மகள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். டெசிபல் போய்ச் சேரவும் கறுப்புக் கண்ணாடி அம்மாள் வரவும் சரியாக இருந்தது.

"நடுவுல மெதுவா பாடினீங்களே, அது ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள். "வார்த்தை ஒவ்வொண்ணும் கேட்டுச்சு. கேக்கத்தான் முன்னாடியே வந்து நின்னேன். இவங்கதான்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் யாரோ சத்தத்தைக் கூட்டிட்டாங்க. கத்தற குழு எனக்கு ஏற்கெனவே நாலு இருக்கும்மா. யார் கூட்டச் சொன்னது?"

 வாழ்க்கை முழுக்கக் குறை, குறை என்று சொன்னவர் டெசிபல். ஒரே ஒரு தடவை கூட்டச் சொன்னார். பாட வேண்டிய பெரிய மேடை அதிலேயே போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் மகள். "அது மெதுவா முடியற பாட்டு இல்லைங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச தூரத்தில், குரலை மெஷினில் பதிவு செய்து பாடிய பெண்ணோடு அவர் கை குலுக்குவது தெரிந்தது.

"ஏம்மா உன் தலையில போட்டுக்கிட்ட?" என்றார் டெசிபல். "எங்கப்பாதான் சொன்னாருன்னு சொல்லியிருந்தா, ஒருவேளை..."

"சொல்லலாம். யாருப்பா நம்புவா? நீ போய்ச் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன்னு!"

மச்சான் வேனுக்குள்ளிருந்து வெடித்துச் சிரித்தான். டெசிபல் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேன்மா. பசங்க கலைச்சுடுவாங்களா?"

"தெரியலப்பா. டிரம்மர் உன்னைப் பத்தி ஒரு பாட்டு எழுதறேன்னு இப்பவே ஆரம்பிச்சுட்டான். அது முடியற வரைக்கும் கலையாது." அவள் வேனின் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். நிமிராமலே கேட்டாள். "சரி, சொல்லு. கடைசியா கத்தினேனே, எத்தனை வந்துச்சு?"

டெசிபல் பேண்ட் பையைத் தொட்டார். மீட்டர் உள்ளேயே கிடந்தது.

"பாக்கலம்மா" என்றார். "கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் கையிலிருந்த ஷூவைக் கீழே போட்டாள். பிறகு அடுத்த வேன்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, ஓவென்று அழுதாள்.