வாசலில் நின்ற பேதி வண்டி

அந்த வண்டி வந்து நின்றபோது வாசலில் இருந்தவர்கள் சென்னிமலைக் கவுண்டர், அவருடைய பங்காளி பொங்கியண்ணன், பண்ணையத்தில் வேலை செய்யும் மயிலாத்தாள், வண்டியோடு வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலப்பன், அவ்வளவு பேர்தான். வண்டி யாருக்காக வந்ததோ அந்தப் பூவாத்தாள், கவுண்டரின் மனைவி, உள்ளே ஆசாரத்துக் கூடத்தில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தாள்.

வாந்திபேதிக் காலம் அது. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மற்ற வீடுகளில் செய்தார்களோ இல்லையோ, பூவாத்தாள் செய்தாள். அன்று காலை கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டு திரும்பியவள், சிந்திய ஈரத்தில் வழுக்கிச் சமையற்கட்டுப் படியில் விழுந்தாள். இடது கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் குரல் வாசல்வரை கேட்டது அன்றுதான்.

பொங்கியண்ணன் பாலக்காட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களின் கட்டில்களிலெல்லாம் பேதிக்காரர்கள். ஆபரேஷன் எதுவும் இப்போது கிடையாது, கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்களாம். தமிழ்நாட்டு எல்லையில் வாளையார் சோதனைச்சாவடியிலோ தடுப்பூசி போட்ட சீட்டில்லாதவர்களைக் கூடாரத்தில் உட்காரவைத்துவிடுகிறார்கள். அதற்குப் பயந்து எந்த டாக்சிக்காரனும் வரவில்லை. கடைசியில் பொங்கியண்ணன் வேலப்பனிடம் போய் அழுதிருக்கிறான். அவர் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மூத்தாரே, அம்மாவெ எடுத்து வெக்கட்டே? இந்த வண்டியெ வாளையார்ல ஆரும் நிறுத்தமாட்டா. நேரே கோயமுத்தூர்," என்றார் வேலப்பன்.

கவுண்டர் வண்டியைப் பார்த்தார். பக்கவாட்டில் சிவப்பு மையில் மலையாளத்தில் 'காலரா' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு பலகை. பினாயில் வாடை. முந்தின வாரம் முழுக்கத் தெற்கு வளவுக் குடிசைகளில் இருந்த பண்ணையாட்களை அந்தப் பலகையில்தான் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். அதில் தன் வீட்டுப் பெண் கிடந்து, ஊர் நடுவே போய், வேலந்தாவளம் சந்தைக்கூட்டம் எட்டிப் பார்ப்பதை நினைத்தபோது அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

"எங்கூட்டுல ஆருக்கும் பேதி இல்லீங்க. நீங்க போலாம்."

"பேதின்னு ஆருண்ணா சொன்னாங்க? அண்ணி இடுப்பொடிஞ்சு கெடக்குறாங்க," என்றான் பொங்கியண்ணன்.

"நீ பேசாத இரு. நாளைக்கு ஊருக்குள்ள நானல்லோ நடக்கோணும்?"

மயிலாத்தாள் சாணிக்கூடையை இறக்கி வைத்தாள். "எங்கூட்டுக்காரரு அந்தப் பலகையில போயித்தானுங்க பொழச்சு வந்தாரு. பலகை கடிக்காதுங்க."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவர் மனம் இளகியிருக்கும். சொன்னபிறகு இளகுவதற்கு வழியில்லாமல் போயிற்று.

"ஏனுங்க, வண்டி வந்திருச்சுங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டது. அவர் கதவை இழுத்துச் சாத்தினார். வேலப்பன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

கட்டுப்போடும் வைத்தியர் வந்தார். கை, முழங்கால் என்றால் மூங்கில் பத்தை வைத்து இறுக்கலாம், இது இடுப்போரம், கட்டு நிற்காது என்று அவரே சொன்னார். ஆனாலும் முட்டையும் உளுந்துமாவும் குழைத்துப் பூசிவிட்டுப் போனார். பூவாத்தாளின் முதுகில் புண் வந்தது. ஊரில் பேதி அடங்கி, வாளையார் வழி திறந்து, கவுண்டர் சொந்தக்காரர் ஒருவரின் காரில் கௌரவமாக அவளைக் கோயமுத்தூர் கொண்டுபோனபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விழுந்த சூட்டோட கொண்டாந்திருந்தா ஆணி வெச்சு நிமித்தியிருக்கலாம். இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

இப்போது பூவாத்தாள் கோணிச்சாக்கின்மேல் உட்கார்ந்து, கைகளை ஊன்றித் தள்ளித் தள்ளித்தான் வீட்டுக்குள் நகர்கிறாள். சாக்கு தரையில் உரசும் சத்தம் கேட்டால் கவுண்டர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்.

இதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கவுண்டர் சம்சாரத்தை வாளையாரில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், கூடாரத்திலேயே போட்டுவைத்தார்களாம் என்று. டீக்கடையில் அதை முதலில் கேட்டபோது அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாலுபேர் சர்க்காரைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் எழுந்து அவருக்கு இடம்விட்டான். அவர் துண்டை உதறிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். அந்த டீ தொண்டையில் இறங்கிய விதம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

பூவாத்தாளின் தம்பி செங்கோட்டையன் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்தான். மோரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கொதித்தான்.

"திருப்பினவன் பேரு வேலப்பனாமா, மச்சான்? எல்லாம் விசாரிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கறேன். நாளைக்குக் கலெக்டரப் பாக்கறேன். அவன் வேலையத் தொலைக்காம உடமாட்டேன். நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பொங்கியண்ணன் தலை குனிந்துகொண்டான். கவுண்டர் ஒருமுறை செருமினார். சொல்லவேண்டிய வார்த்தை சின்னதுதான். சாக்கு உரசும் சத்தம் ஆசாரத்தைக் கடந்து நிலைப்படிக்கு வந்து நின்றது. இந்தமுறை எழுந்து போகவும் முடியவில்லை. பூவாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பேசுவார் என்று காத்திருந்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"வாளையார்ல ஆரும் திருப்புல, தம்பி. நாங்க வாளையாருக்கே போகுல. அந்த வேலப்பன் வாசலுக்கே வண்டி கொண்டாந்தாரு. நாங்கதான் வேண்டாமுன்னு சொல்லிப்போட்டோம்."