ஜோலினின் கையுறை

பக்கவாட்டில் போடு, வெஸ். அவர்கள் சொல்வதைக் கேட்காதே.

ஜோலின் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆட்டக்காரர்களின் மனைவிமார் உட்காரும் வரிசையிலிருந்து அப்படியெல்லாம் கத்த முடியாது. பேஸ்பால் மைதானத்தின் நடு மண்மேட்டில் அவள் கணவன் பந்தை விரல்களில் உருட்டியபடி நின்றான். கடைசிச் சுற்று. வெஸ்ஸின் அணி ஒரே ஓட்டம்தான் முன்னிலை. மூன்று முனைகளிலும் எதிரணி ஆட்கள். ஒருவன்தான் அவுட்.

கல்லூரியில் அவன் எறிந்தபோது நெப்ராஸ்கா முழுக்கப் பேச்சு. பிறகு சின்ன லீக். ஊர் ஊராகப் பேருந்து, வாடகை அறை, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. கூட வந்தவர்கள் பெரிய லீக்குக்குப் போனார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போனார்கள். வெஸ் இரண்டுக்கும் நடுவில் கிடந்தான். இந்த வாரம் அவனை அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனாலேயே மற்ற மனைவிமார் அவளிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள், டாஷாவைத் தவிர.

"போறப்ப உன் தக்காளித் தொட்டிய எனக்குக் குடுத்துட்டுப் போடி."

"வாய மூடிட்டு ஆட்டத்தப் பாரு."

போன குளிர்காலத்தில், ஜோலினின் அப்பாவுடைய டிராக்டர் கொட்டகையில், வெஸ் போடும் பந்துகளை அவள்தான் பிடித்தாள். கல்லூரி சாஃப்ட்பால் அணியின் கேட்சர் அவள். படிப்பு முடிந்ததோடு அவளுடைய ஆட்டமும் முடிந்தது. அவளை ஏற்றிக்கொண்டு போக எந்தப் பேருந்தும் வரவில்லை. ஒருநாள் தோள் வலியில் வெஸ் கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் எறிந்தான். நேராக வந்த பந்து கடைசியில் சறுக்கி இறங்கி அவள் காலெலும்பில் அடித்தது.

"ஐயோ, வலிக்குதா ஜோ?"

"உயிர் போகுது. இன்னொண்ணு அதே மாதிரி போடு."

ஆனால் பயிற்சியாளர் அதைத் தடுத்துவிட்டார். கை தாழ்ந்தால் வேகம் குறையும். பெரிய லீக்குக்கு ஆள் பொறுக்க வரும் தேர்வாளர்கள் கையிலிருக்கும் வேகமானியில் பெரிய எண் தெரியாவிட்டால் வெஸ்ஸை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இப்போது மைதானத்தில் கேட்சர் வேகமான நேர்ப்பந்துக்குச் சைகை காட்டினான். வெஸ் தலையசைத்து மறுத்தான். மறுபடி அதே சைகை, அதே மறுப்பு. பிறகு, ஆட்டத்தின்போது ஒருநாளும் அவளைத் தேடாதவன், அவள் வரிசைப் பக்கம் பார்த்தான்.

அவள் இடது உள்ளங்கையை விரித்து முழங்காலுக்குக் கீழே பிடித்தாள்.

வெஸ்ஸின் கை தாழ்ந்தது. முன்னால் இருந்த தேர்வாளர் வேகமானியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பந்து சறுக்கியது. மட்டை அதன் தலையில் பட்டு, பந்து தரையில் உருண்டது. எடுத்தவன் இரண்டாம் முனைக்கு எறிய, அங்கிருந்து முதல் முனைக்கு. இரண்டு பேரும் அவுட். மொத்தம் மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது. தான் எழுந்து நின்று அலறிக்கொண்டிருப்பதே அவளுக்குச் சற்றுப் பின்புதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில், முள் காலணியைக்கூடக் கழற்றாமல் வெஸ் படியேறி ஓடிவந்தான்.

"மேனேஜர் மூட்டை கட்டச் சொல்லிட்டாரு."

"வீட்டுக்கா?"

"மேல, ஜோ! பெரிய லீக்! அங்க ஒருத்தனுக்கு முழங்கை போச்சாம். பந்தத் தரையில உருள வைக்கிற ஆள் வேணுமாம். நாளைக்கே கிளம்பணும்."

"அப்ப தொட்டி எனக்குத்தான்!" என்று டாஷா கத்தினாள். ஜோலின் அழுதுகொண்டே சிரித்தாள். வெஸ் அவளைத் தூக்கிச் சுற்றி, வந்தவர் போனவரிடமெல்லாம் கொட்டகைக் கதையைச் சொன்னான்.

அதைக் கேட்டுத்தான் மைதானத்து நிர்வாகி டுவேன் வந்தார். ஜோலினின் பையிலிருந்து எட்டிப்பார்த்த தோல் கையுறையைக் காட்டி, "அம்மா, வெஸ்ஸோட அந்த கிளவுஸ இங்க விட்டுட்டுப் போயேன். வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வைப்போம். ஊருக்கே பெருமை," என்றார்.

அவள் அதை வெளியே எடுத்தாள். மணிக்கட்டுப் பட்டையில் அவள் பெயர், மை வெளிறிப் போயிருந்தது. இத்தனை வருடங்களில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. அவளும்தான்.

"இது என்னோடது டுவேன்."

"சரி, உன் பேரையே எழுதி வைக்கிறேன்."

"வேண்டாம்," என்று மெல்லச் சொல்லி, கையை அதற்குள் நுழைத்துக்கொண்டாள். "காலையில பந்து பிடிக்க எனக்கு வேணும்."